நியாயத்தீர்ப்பைப் பற்றிய வேதபகுதிகளை வாசிக்கும் முறை

பழைய ஏற்பாடு தண்டிக்கிற தேவனையும் புதிய ஏற்பாடு மன்னிக்கிற தேவனையும் காட்டுகிறது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற போதகர் ஏறக்குறைய இதையே போதித்தபோது, திருச்சபை அந்தப் போதனையை ஏற்க மறுத்தது. நியாயத்தீர்ப்பும் இரக்கமும் ஒரே தேவனுடையவை என்பதை வேதபகுதிகளிலிருந்தே காண விரும்புகிறவர் யாத்திராகமம் 34:6-7 வசனங்களிலிருந்து தொடங்குவது நல்லது.

இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டியை வணங்கி, மோசே கற்பலகைகளை உடைத்த பின்பு, தேவன் தம்மை இன்னார் என்று அறிவிக்கும் இடம் இது. இரக்கமும் நீடிய சாந்தமும் உள்ளவர், பாவத்தை மன்னிக்கிறவர் என்று சொல்லும் அதே வாக்கியம், குற்றவாளியைத் தண்டியாமல் விடாதவர் என்றும் சொல்கிறது. ஒரு பாதியை மட்டும் அடிக்கோடிட்டு வாசிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இரண்டு பாதிகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அடுத்து யோனாவையும் நாகூமையும் அடுத்தடுத்து வாசியுங்கள்.

இரண்டு புத்தகங்களும் அசீரியரின் பெருநகரமான நினிவேயைப் பற்றியவை. யோனா 4:2 அந்த அறிவிப்பின் இரக்கப் பகுதியைத் திரும்பச் சொல்கிறது; அதுவும் புகழ்ச்சியாக அல்ல, தேவன் இப்படித்தான் மன்னித்துவிடுவார் என்று தெரிந்திருந்த யோனாவின் முறையீடாக. நாகூம் 1:3 நீடிய சாந்தத்தைக் குறிப்பிட்டாலும், தண்டியாமல் விடமாட்டார் என்ற பகுதியையே அழுத்துகிறது. ஒரு தலைமுறை மனந்திரும்பித் தப்பியது. கொடுமைக்குத் திரும்பிய நகரம் கி.மு. 612-இல் பாபிலோனியராலும் மேதியராலும் வீழ்த்தப்பட்டது. நாற்பது நாளில் நகரம் கவிழும் என்ற யோனாவின் செய்தியில் நிபந்தனை எதுவும் சொல்லப்படவில்லை. அது உள்ளடங்கியிருந்தது என்பதை எரேமியா 18:7-10 விளக்குகிறது. எச்சரிக்கப்பட்ட ஜனம் திரும்பினால் தீங்கு விலகும், நன்மை வாக்களிக்கப்பட்ட ஜனம் கெட்டுப்போனால் அந்த நன்மையும் விலகும். ஆகவே ஒவ்வொரு தண்டனை அறிவிப்பையும் வாசிக்கும்போது, அது யாருக்கு, எந்தக் குற்றத்துக்காக, எந்தத் திரும்புதலை எதிர்பார்த்துச் சொல்லப்பட்டது என்று கேளுங்கள்.

இந்த முறையை நாளிதழில் வரும் பேரிடர்ச் செய்திகளுக்குப் பொருத்தக் கூடாது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேசுகையில், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்ல என்று லூக்கா 13:4-5-இல் இயேசு சொல்லி, கேட்டவர்களையே மனந்திரும்பச் சொல்கிறார்.

சிலுவையைப் பற்றி ரோமர் 3:25-26 சொல்வதை இதற்குப் பின்பே வாசிப்பது நல்லது; பாவத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது நீதியாகாது என்பதை அதற்குள் உணர்ந்திருப்பவருக்கே, தேவன் நீதியுள்ளவராகவும் நீதிமானாக்குகிறவராகவும் விளங்குகிறார் என்ற சொல்லின் கனம் தெரியும்.

கடைசியாக மத்தேயு 18:23-35 உவமையை, கணக்கைப் போட்டுப் பார்த்தபடி வாசியுங்கள். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் கூலி. 10,000 தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஊழியக்காரன் 100 வெள்ளிப்பணத்துக்காக உடன் ஊழியனின் தொண்டையைப் பிடிக்கிறான். அவன்மேல் தீர்ப்பு வருவது பழைய கடனுக்காக மட்டுமல்ல, பெற்ற இரக்கத்தை மறுத்ததற்காகவும்தான். உங்களுக்குக் கடன்பட்டிருப்பவர் ஒருவரின் பெயரை மனதில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.