பீக் டெம்பரேச்சர் எடுக்கறது எப்படி? ப்ராஜெக்ட் பண்ற பசங்களுக்காக

பெங்களூர் பீன்யால நான் வேலை பாக்குற யூனிட்டுக்கு போன மாசம் ஒரு தம்பி வந்தான், கிருஷ்ணகிரி பக்கம் ஊரு, இங்க எம்டெக் கடைசி வருஷம், சால்டர் ஜாயிண்ட் மேல ப்ராஜெக்ட். "அண்ணா, பீக் 260 டிகிரின்னு ரிப்போர்ட்ல போட்டேன், எங்க எடுத்த பீக்னு கைடு கேக்கறார், என்ன சொல்றதுன்னு தெரியல"ன்னான். எங்கடா எடுத்தேன்னு கேட்டா சால்டரை உருக்கி ஒட்டற ரீஃப்ளோ ஓவன் டிஸ்ப்ளேல பாத்தேன்றான். சரின்னு அவன் போர்டையே வாங்கி, ரெண்டு இடத்துல தெர்மோகப்பிள் (ரெண்டு வேற உலோக வயரை நுனியில சேத்த சூடு சென்சார்) ஒட்டி, அதே செட்டிங்ல திரும்ப ஓட்டினோம். ஓரத்துல இருந்த சின்ன ரெசிஸ்டர் 246 வரைக்கும் போச்சு, நடுவுல இருந்த பெரிய பிஜிஏ சிப்புக்கு (அடியில சின்னச் சின்ன சால்டர் உருண்டையால போர்டுல ஒட்டற சிப்) அடியில வெறும் 227. டிஸ்ப்ளே மட்டும் அசையாம 260 காட்டிட்டு நின்னுச்சு. அந்தப் பையன் முகம் விழுந்துருச்சு, ஏன்னா அவன் ஆறு மாசமா எல்லா கிராஃபும் அந்த 260-ஐ வச்சுதான் போட்டிருக்கான். இது வேற யாருக்கும் நடக்கக் கூடாதுன்னுதான் உக்காந்து எழுதறேன்.

முதல்ல ஒண்ணு தெளிவா வச்சுக்கோங்க, எதோட பீக் உங்களுக்கு வேணும்? ஓவன் காட்டறது உள்ள இருக்கற சென்சாரோட சூடு, பெரும்பாலும் காத்தோட சூடு. உங்க சாம்பிள் அனுபவிச்சது வேற. சாம்பிள்லயே மேல் தோல் ஒண்ணு, உள்பக்கம் ஒண்ணு. சாம்பார் கொதிக்குதுன்னா உள்ள கிடக்கற முருங்கைக்காய் வெந்துருச்சுன்னு அர்த்தம் இல்ல, அதே கதைதான்.

சால்டர்ல, ரெசிஸ்டருக்கும் பிஜிஏவுக்கும் நடுவுல வந்த இந்த 20 டிகிரி ஏன் இவ்ளோ முக்கியம்னா, இப்ப எல்லாரும் போடற எஸ்ஏசி305-ங்கற லெட்-ஃப்ரீ (ஈயம் இல்லாத) சால்டர் பேஸ்ட் 217 டிகிரில உருக ஆரம்பிச்சு 220 கிட்ட முழுசா திரவமாகும். நல்லா பரவி ஒட்டணும்னா பீக் 235-ல இருந்து 250-க்குள்ள இருக்கணும்னு வழக்கமா சொல்லுவாங்க, ஆனா மேல இருக்கற சிப் தாங்கறது அதோட சைஸையும் தடிமனையும் பொறுத்து 245, 250, 260 அவ்ளோதான். அப்ப கையில இருக்கற இடைவெளி ரொம்பச் சின்னது. பழைய 63-37 டின்-ஈயம் சால்டர் 183 டிகிரிலயே உருகிடும், அதனால அந்தக் காலத்துல கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் தப்பிச்சாங்க, இப்ப அது நடக்காது.

சரி, சென்சார். எஸ்பி ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல போய் கே டைப் (நிறைய பேர் போடற ரகம்) தெர்மோகப்பிள் கேட்டா ரெண்டு விதமா எடுத்துப் போடுவாங்க, ஸ்டீல் குழாய்க்குள்ள இருக்கற தடியான ப்ரோப் ஒண்ணு, நுனியில சின்ன உருண்டை மட்டும் இருக்கற மெல்லிசு வயர் ஒண்ணு. பீக் எடுக்க மெல்லிசுதான் வாங்கணும். காரணம் இதுதான், எந்த சென்சாரும் சூட்டை உடனே காட்டாது, திடீர்னு சூடு மாறினா அதுல 63 சதவீதம் எட்ட ஆகற நேரத்தை டைம் கான்ஸ்டன்ட்னு சொல்லுவாங்க. சாம்பிள் செகண்டுக்கு 2 டிகிரி ஏறுது, உங்க ப்ரோப்போட டைம் கான்ஸ்டன்ட் 5 செகண்ட்னு வைங்க, ப்ரோப் 10 டிகிரி பின்னாடியே வந்துட்டு இருக்கும். சாம்பிள் உச்சிக்குப் போய்ட்டு உடனே இறங்க ஆரம்பிச்சா, ப்ரோப் அந்த உச்சியைப் பாக்காமலே திரும்பிடும். மெதுவா ஏறி அரை மணி நேரம் நிக்கற ஃபர்னஸ்ல இது பெரிய விஷயமே இல்ல, சட்டுனு ஏறி இறங்கற வேலையிலதான் அடிபடுவீங்க.

வயர் கலர்ல ஜாக்கிரதை. அமெரிக்கன் முறையில கே டைப்புக்கு மஞ்சள் பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். சிவப்புன்னா பாசிட்டிவ்னு நம்ம கைக்குப் பழக்கம், அப்படியே மாத்திச் சொருகிடுவோம். ஐஇசி முறையில பச்சை பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். சந்தேகமா இருந்தா நுனியை விரல்ல பிடிங்க, ரீடிங் ஏறாம இறங்கினா மாத்திப் போட்டிருக்கீங்கன்னு அர்த்தம். நீளம் பத்தலன்னு சாதா காப்பர் வயரை நடுவுல ஜாயிண்ட் போடாதீங்க, கே டைப் எக்ஸ்டென்ஷன் வயரே வேணும். ரீடிங்கைப் பதிவு பண்ற லாகரை ஓவன் வாய் பக்கத்துல வைக்கறதும் தப்பு, ஏன்னா அது தன்னோட டெர்மினல் என்ன சூட்டுல இருக்குன்னு பாத்துதான் கணக்கு போடுது, அங்க ஒரு பக்கமா அனல் அடிச்சா கணக்கே மாறிடும்.

வாங்கின உடனே ஒரு டெஸ்ட். ஐஸை நல்லா நுணுக்கி கொஞ்சம் தண்ணி விட்டுக் கலக்கி அதுல விடுங்க, 0 காட்டணும். அடுத்து கொதிக்கற தண்ணி. இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க, பெங்களூர்ல 97 டிகிரி கிட்ட காட்டும், காட்டணும். நம்ம ஊரு கடல் மட்டத்துல இருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கு, காத்தழுத்தம் கம்மி, அதனால தண்ணி முன்னாடியே கொதிச்சுடும். சென்னைல டெஸ்ட் பண்ணா 100 வருது இங்க வரலன்னு நல்ல தெர்மோகப்பிளைக் குப்பைல போட்டவங்களை எனக்குத் தெரியும். கே டைப்ல சாதாரண கிரேடுக்கு 2 டிகிரிக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் பிழை இருக்கலாம்னு ஸ்டாண்டர்டே ஒத்துக்குது, அதனால 246.3-னு தசமத்துல எழுதி யாரையும் நம்ப வைக்க வேணாம்.

ஒட்டறதுதான் உண்மையான கைவேலை. உருண்டை பொருள் மேல நல்லா உக்காரணும். காப்டான் (சூடு தாங்கற பிளாஸ்டிக்) டேப் மட்டும் போட்டா சூட்டுல லேசா தூக்கிக்கும், நமக்குத் தெரியாமலே காத்தோட சூட்டைப் படிக்க ஆரம்பிச்சுடும், அலுமினியம் டேப் அதைவிட நல்லா பிடிக்கும், உயர் டெம்பரேச்சர் சால்டர் வச்சுப் பத்த வச்சா இன்னும் நல்லது. பிஜிஏ மாதிரி அடியில ஜாயிண்ட் இருந்தா போர்டோட அடிப்பக்கத்துல இருந்து சின்ன ட்ரில் போட்டு, உருண்டை சால்டர் பாலைத் தொடற மாதிரி விட்டு எபாக்ஸி வைக்கணும், போர்டு வீணாப் போச்சேன்னு பாக்காதீங்க. இன்னொண்ணு, உருண்டைக்குப் பின்னாடி ரெண்டு வயரும் இன்சுலேஷன் உரிஞ்சு ஒண்ணையொண்ணு தொட்டுச்சுன்னா, மீட்டருக்கு அந்தத் தொடற இடம்தான் ஜங்ஷன். நீங்க சிப்பை அளக்கறதா நினைச்சுட்டு இருப்பீங்க, அது ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருக்கற காத்தை அளந்துட்டு இருக்கும்.

தொடாமலே சூடு பாக்கற ஐஆர் கன் வச்சு எடுக்கலாமான்னு எல்லாரும் கேக்கறாங்க. பளபளன்னு இருக்கற மெட்டல்ல எடுக்காதீங்க, அதோட எமிசிவிட்டி (சூட்டைக் கதிரா வெளிவிடற திறன்) ரொம்பக் கம்மி, கன்னோ 0.95-னு நினைச்சுட்டு இருக்கும், சூடா இருக்கற அலுமினியத்தை ஆறிப்போனதா காட்டும். மேல மேட் கருப்பு பெயிண்ட் ஒரு பொட்டு வச்சு அங்க குறி பாருங்க. 12-க்கு 1-னு போட்டிருக்கற கன்னுன்னா 60 சென்டிமீட்டர் தூரத்துல அது 5 சென்டிமீட்டர் வட்டத்தோட சராசரியைப் பாக்குது, அதுக்குள்ள உங்க சின்ன ரெசிஸ்டரோட பீக் காணாமப் போய்டும்.

லாகர்ல எவ்ளோ வேகம் வைக்கணும்? ரீஃப்ளோவுக்கு செகண்டுக்கு ஒண்ணு ரெண்டு ரீடிங் போதும். டேட்டா வந்த உடனே எக்செல்ல மேக்ஸ் ஃபார்முலா போட்டு வர்ற நம்பரை எடுத்துடாதீங்க, பக்கத்துல மோட்டார் ஆன் ஆனா ஒரே ஒரு ரீடிங் மட்டும் 310-னு குதிக்கும், முன்னும் பின்னும் 240 இருந்தா அது நாய்ஸ். அதுக்காக ஓவரா ஸ்மூத் பண்ணாலும் உண்மையான உச்சியைச் சீவி எறிஞ்சிடுவீங்க, அதனால கிராஃபைக் கண்ணால பாருங்க.

பீக் மட்டும் போதாது, எவ்ளோ நேரம்னும் வேணும். சால்டர்ல 217-க்கு மேல எத்தனை செகண்ட் இருந்துச்சுன்னு சேத்து எழுதணும், வழக்கமா 60-ல இருந்து 90 வைப்பாங்க. நேரம் கூடக் கூட காப்பரும் டின்னும் சேந்து உண்டாகற இன்டர்மெட்டாலிக் அடுக்கு தடிச்சுக்கிட்டே போகும், அது உடையற ஜாதி. ரெண்டு போர்டுக்கும் பீக் 245-தான், ஒண்ணு 40 செகண்ட் இன்னொண்ணு 120 செகண்ட்னா ரெண்டும் ஒண்ணாவே இருக்காது. சிவில் பசங்களுக்கும் இதைச் சொல்லணும், பெரிய ராஃப்ட் ஃபவுண்டேஷன்ல கான்கிரீட்டோட உள்சூடு 70 டிகிரியைத் தாண்டினா பின்னாடி எட்ரிங்கைட்ங்கற படிகம் லேட்டா உருவாகி வெடிப்பு விட வாய்ப்பு இருக்கு, அந்த பீக் போட்ட அன்னிக்கே வராது, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுக்கூட வரும், முதல் நாள் ராத்திரியே லாகரைக் கழட்டிடாதீங்க.

மெட்டீரியல்ஸ் பசங்க டிஎஸ்சி (சூடேத்தும்போது சாம்பிள் எவ்ளோ வெப்பத்தை வாங்குது, விடுதுன்னு அளக்கற டெஸ்ட்) போடுவீங்க, அங்க பீக்னா வேற அர்த்தம். அது சாம்பிள் போன அதிகபட்ச சூடு இல்ல, வளைவோட முனை எந்த டிகிரில இருக்கோ அது. அந்த முனை நீங்க சூடேத்தற வேகத்தோடயும் சாம்பிள் எடையோடயும் நகரும். அதனாலதான் இன்டியம் உலோகத்தை வச்சு கேலிபரேட் பண்ணும்போது அதோட உருகுநிலை 156.6-ஐ முனையில பாக்காம ஆன்செட்ல, அதாவது வளைவு கிளம்பற இடத்துல, பாக்கணும். ஆனா இந்த நகர்தலையே உபயோகமா மாத்தினவர் கிஸ்ஸிஞ்சர்ங்கற ஆராய்ச்சியாளர், 1957-ல. ஒரே பொருளை நிமிஷத்துக்கு 5, 10, 15, 20 டிகிரின்னு தனித்தனியா ஓட்டி ஒவ்வொண்ணுலயும் முனையைக் குறிச்சுக்கணும், வேகத்தை முனை டெம்பரேச்சரோட வர்க்கத்தால வகுத்து அதோட இயல் லாகரிதம் எடுத்து, டெம்பரேச்சரோட தலைகீழிக்கு எதிரா வரைஞ்சா நேர்கோடு வரும், அந்தச் சாய்வை மைனஸ் 8.314-ஆல பெருக்கினா ஆக்டிவேஷன் எனர்ஜி (அந்த மாற்றம் நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல்), மோலுக்கு ஜூல்ல. எல்லாம் கெல்வின்ல போடணும், செல்சியஸ்ல போட்டு நாலு நாள் தலையைப் பிச்சுக்கிட்ட பொண்ணு ஒருத்தி எங்கிட்ட வந்திருக்கா.

ரிப்போர்ட்ல இப்படி எழுதுங்க: "பிஜிஏவோட நடு சால்டர் பால்ல, மெல்லிசு வயர் கே டைப் வச்சு, செகண்டுக்கு ரெண்டு ரீடிங் எடுத்து, மூணு தடவை ஓட்டினதுல பீக் 237-ல இருந்து 239 டிகிரி, 217-க்கு மேல 70 செகண்ட்." இது அந்தத் தம்பி கடைசியா எழுதினது. கன்வேயர் வேகத்தைக் கொஞ்சம் குறைச்சோம், முன்சூட்டை ஏத்தினோம், ரெசிஸ்டர் 247-ஐத் தாண்டாம பிஜிஏவோட சூடு ஏறிச்சு. ட்ரில் போட்ட அந்த போர்டை வயரோட அப்படியே கவர்ல போட்டு, தேதியும் எத்தனை தடவை ஓட்டினோம்னும் மேல எழுதி அவன்கிட்டயே கொடுத்தேன், ஏன்னா திரும்பத் திரும்ப ஓட்டினா போர்டும் கருகும், ஒட்டினதும் தளரும், இருபது முப்பது தடவைக்கு மேல அதை நான் நம்பறதில்ல.