கேம்பர் வானில் ஸ்கூபா சாமான்களை எப்படி வைப்பது?

வெள்ளவத்தையிலிருந்து திருகோணமலைக்குக் கேம்பர் வானில் புறப்படுகிறவர்கள் கேட்டால், நான் முதலில் சொல்வது இதைத்தான்: காற்று நிரப்பிய சிலிண்டரை ஏற்றாதீர்கள். நிலாவெளியிலேயே டைவிங் நிலையங்கள் இருக்கின்றன, வாடகைக்கு எடுக்கலாம். கிழக்குக் கடல் அமைதியாக இருப்பது மே முதல் செப்டெம்பர் வரை. வெயில் கொளுத்துவதும் அப்போதுதான். 27 பாகை செல்சியஸில் 200 பார் அழுத்தம் காட்டிய சிலிண்டர், பூட்டிக் கிடக்கும் வானுக்குள் 60 பாகைக்குச் சூடேறினால் 220 பாரைத் தாண்டிவிடும். வழமையான அலுமினியச் சிலிண்டரின் வேலை அழுத்தம் 207 பார். பிள்ளைகள் படுத்துறங்கும் இடத்துக்குள் அது வேண்டாம்.

சொந்தச் சிலிண்டர்தான் வேண்டும் என்றால், 20, 30 பார் மட்டும் விட்டுக் கொண்டுபோங்கள். முழுக்கக் காலியாக்கினால் உள்ளே ஈரம் போகும். வண்டிக்குக் குறுக்காகப் படுக்கவைத்து, தரையில் போல்ட் அடித்த வளையங்களில் பெல்ட் போட்டு இறுக்குங்கள். வால்வு எதிலும் முட்டக்கூடாது. ஹபரணைப் பக்கம் யானை குறுக்கே வந்து சட்டென்று பிரேக் போட நேர்ந்தால், நிமிர்த்தி வைத்த 14 கிலோ சிலிண்டர் எங்கே போய் இடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நீருக்குள் இறங்க இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிகளும் அப்படித்தான்: தரையோடு, சில்லு அச்சுக்குப் பக்கத்தில் வையுங்கள். மேல்தட்டில் ஒருபோதும் வேண்டாம். சமையல் காஸ் இருக்கும் பெட்டிக்குள் எந்த டைவிங் சாமானையும் வைக்காதீர்கள்.

அப்புறம் உப்பு. வான் தொட்டியில் தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கும். அதனால் தங்கும் இடத்தில் கிணறோ குழாயோ உண்டா என்று முன்பே கேட்டுவையுங்கள். கழுவாமல் நீண்ட தூரம் ஓடினால் உப்பு காய்ந்து இறுகிவிடும், பிறகு ஊறவைத்தாலும் லேசில் போகாது. சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தரும் ரெகுலேட்டரின் தூசி மூடியைத் துடைத்து, உலர்ந்ததா என்று பார்த்து, இறுக்கிய பிறகே நன்னீரில் போடுங்கள். கழுவும் தண்ணீருக்குள் அது இருக்கும்போது, வாய்ப்பகுதியில் காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பொத்தானை அமுக்கவே கூடாது. அமுக்கினால் தண்ணீர் ஹோஸ் வழியாக, சிலிண்டரில் பூட்டும் பகுதியான முதல் நிலைவரைக்கும் போய்விடும். உங்கள் மூச்சு அந்தக் கருவியில்தான் இருக்கிறது. ஆகவே அதற்கென்று மெத்தை வைத்த தனிப் பை வாங்குங்கள், ஹோஸைப் பெரிய வட்டமாகச் சுற்றுங்கள், மேலே எதையும் அடுக்காதீர்கள்.

டைவிங் ரப்பர் உடையான வெட் சூட்டை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, அகலமான ஹேங்கரில் நிழலில் காயவிடுங்கள். ஓடும்போது வானின் குளியலறையில் தொங்கவிடலாம். மடித்தால் மடிப்பில் ரப்பர் நசுங்கும். மாஸ்க் கடினப் பெட்டிக்குள் தனியாக இருக்கட்டும், கறுப்பு ரப்பரோடு ஒட்டிக் கிடந்தால் தெளிந்த சிலிக்கோன் நிறம் மாறும். டோர்ச்சின் பற்றரிகளைக் கழற்றிவையுங்கள். ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்பியூட்டரை டாஷ்போர்டில் வெயிலில் விடாதீர்கள்.

கொழும்புக்கு வந்த இரவே எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். மிதப்பைச் சரிசெய்யும் காற்றுச் சட்டையான பிசிடிக்குள் நன்னீர் விட்டுக் குலுக்கி ஊற்றி, பாதி காற்று நிரப்பித் தொங்கவிட வேண்டும். நம் கடற்கரை ஈரக்காற்றில், பூட்டிய வானுக்குள் ஒரு வாரம் கிடந்தாலே உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும்.