ஊர்க் கூடத்துக்கு வசூல்: நாங்கள் சறுக்கிய இடங்கள்

புதுச்சேரியில் எங்கள் மீனவக் குப்பத்துக்குச் சமுதாயக் கூடம் கட்ட வீடு வீடாக வசூலுக்குப் போனவர்களில் நானும் ஒருவன். முதல் வாரமே பெரிய தவறு செய்தோம். அவசரத்துக்கு எங்களில் ஒரு பையனின் ஜிபே எண்ணைக் கொடுத்துவிட்டோம். அவன் ஒரு ரூபாய் தொட்டவனில்லை. ஆனால் அம்மாவின் மருந்துச் செலவும் வண்டித் தவணையும் அதே கணக்கில் ஓட, மூன்றாம் மாதம் எது கூடத்துப் பணம் என்று பிரித்துக் காட்ட அவனாலேயே முடியவில்லை. டீக்கடையில் பேச்சு கிளம்பியது. அவன் கூட்டத்துக்கு வருவதையே விட்டுவிட்டான். அதனால் முதலில் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். அதன் பெயரில் கணக்கு தொடங்கி, இருவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வைத்துவிடுங்கள். வசூல் அப்புறம்.

ரசீது பெரிய தொகைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மீன் விற்கும் ஒரு பாட்டி இருபது ரூபாய் கொடுத்தார். ரசீதை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். "கூடம் திறக்கிற அன்னைக்கு எடுத்துக்கிட்டு வர்றேன்" என்றார்.

"வரிவிலக்கு உண்டு" என்று வாய்க்கு வந்தபடி சொல்ல வேண்டாம். சங்கம் பதிவானால் மட்டும் போதாது, கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்க வருமான வரித் துறையிடம் தனியாக அனுமதி (80ஜி என்பார்கள்) வாங்க வேண்டும். வாங்கியிருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை கிடையாது.

எங்கள் ஊரில் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. பாரிஸில் இருக்கும் சித்தப்பா நம் ஆள்தான். ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்தால், அவர் சங்கத்துக்குத் தரும் நன்கொடை சட்டப்படி வெளிநாட்டு நிதி. லீவில் வந்து ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அதேதான். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை செய்யும் தம்பி தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். இருந்தாலும் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேட்டுவிடுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர் வீட்டில் அப்போது போய் நிற்பது நியாயமே இல்லை. இடமும் அப்படித்தான்: கடலோரம் என்றால் ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு, அங்கே கட்டலாமா என்று விசாரித்த பிறகே நோட்டீஸ் அடியுங்கள்.

இப்போது கோயில் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறோம். மாதம் முதல் தேதி வரவும் செலவும் அதில் ஏறும். நாலு பேர் வீட்டுக்கே போய் வருத்தம் சொல்லிக் கூப்பிட்ட பிறகு, அந்தப் பையன்தான் எழுதுகிறான்.