வயிற்றில் இருக்கும் குழந்தைக்குச் சிறுநீரக வீக்கமா? ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் செய்யக் கூடாத தவறுகள்

ஐந்தாம் மாத ஸ்கேனில் ‘ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ என்று பார்த்ததுமே குழந்தையின் சிறுநீரகம் கெட்டுவிட்டதாகப் பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் இடம் விரிந்திருக்கிறது, அவ்வளவுதான் அப்போதைக்குத் தெரிந்தது. அடைப்பு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் இப்படித் தெரிகிறது. லேசான விரிவு பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

கர்ப்பத்தின் வாரக் கணக்கைப் பார்க்காமல், சிறுநீர் சேரும் அந்த இடத்தின் முன்-பின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்பதை மட்டும் பார்ப்பதும் தவறு. 28 வாரத்துக்கு முன் 4 மி.மீ.க்குக் கீழேயும், அதற்குப் பிறகு 7 மி.மீ.க்குக் கீழேயும் இருந்தால் இயல்பு. அதே 6 மி.மீ., 20ஆம் வாரத்தில் கவனிக்க வேண்டியது, 32ஆம் வாரத்தில் சாதாரணம். குழந்தையின் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போதும் அளவு கூடும். அது ஏறக்குறைய அரை மணிக்கொரு முறை நிறைந்து காலியாவதால், கொஞ்சம் பொறுத்து மறுபடி அளந்து பார்ப்பது நல்லது. விரிவைக் குறைக்கலாம் என்று அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைக்கவே கூடாது.

டாக்டரிடம் அவசியம் கேட்க வேண்டியவை வேறு. ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? சிறுநீர்ப்பை எப்படி இருக்கிறது? பனிக்குட நீர் போதுமா? சுமார் 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். நுரையீரல் வளரவும் அந்த நீர் வேண்டும். இரு சிறுநீரகங்களும் விரிந்து, சிறுநீர்ப்பை தடித்த சுவரோடு காலியாகாமல் நின்று, நீரும் குறைந்துகொண்டே வந்தால், கீழே சிறுநீர் வெளியேறும் பாதையில் அடைப்பு இருக்கக்கூடும். சில ஆண் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அங்கே இருக்கும் தடுப்புச் சவ்வு இதற்கு முக்கியக் காரணம். இதில் ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்ற பேச்சே வேண்டாம். உடனே கரு மருத்துவ நிபுணரைப் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் விரிந்து, மற்றது நன்றாக இருந்து, பனிக்குட நீரும் சரியாக இருந்தால் பயம் வேண்டாம். இதற்காக மட்டும் பிரசவத்தை முன்கூட்டியே வைப்பதோ சிசேரியன் செய்வதோ தேவையில்லை. குறைமாதப் பிறப்பு வேறு தொல்லைகளைத்தான் கொண்டுவரும்.

அப்புறம், அதிகம் நடக்கும் தவறு பிறந்த பிறகுதான். பிறந்த அன்றே ஸ்கேன் எடுத்து, ‘நார்மல்’ என்று வந்ததும் விட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டு நாட்கள் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகவே உற்பத்தியாகும். அதனால் விரிவு இருந்தாலும் தெரியாமல் போகலாம். 48 மணி நேரத்துக்குப் பிறகு எடுக்க வேண்டும். அது இயல்பாக இருந்தாலும் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் இன்னொன்று வேண்டும். ஆனால் இரு பக்கமும் கடுமையாக விரிந்திருந்தாலோ, ஒரே சிறுநீரகம் இருந்தாலோ, கீழ்ப்பாதை அடைப்பு என்று சந்தேகம் இருந்தாலோ அந்த 48 மணி நேரம் காத்திருக்கக் கூடாது. குழந்தை சிறுநீர் கழித்துவிட்டது என்பதை வைத்து அடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பிறந்த முதல் மாதங்களில் குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்; கர்ப்பகால ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.