பழைய கிராபிக்ஸ் கார்டில் புது சாப்ட்வேர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் பனியன் பிரிண்டுக்கு டிசைன் போடும் அறைகளிலும், ஈரோடு, கோபி பக்கம் கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டூடியோக்களிலும், கோவையில் லேத் பட்டறையை ஒட்டிய வரைபட அறைகளிலும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன கணினிகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. ஐ3 அல்லது ஐ5 பிராசஸர், எட்டு ஜிபி ராம், எப்போதோ வாங்கிப் போட்ட ஒரு சின்ன கிராபிக்ஸ் கார்டு. பழைய சாப்ட்வேர் இருந்தவரை தொந்தரவு இல்லை. புதுப் பதிப்பை ஏற்றியதும் திரை கறுப்பாகிறது, அல்லது திறந்த வேகத்திலேயே மூடிக்கொள்கிறது. "சிஸ்டத்தையே மாத்திருங்க" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். சின்னத் தொழில் செய்கிறவருக்கு அது பெரிய செலவு. பல நேரம் அந்தச் செலவுக்கு அவசியமே இல்லை, சில நேரம் உண்டு. எது எப்போது என்று தெரிய, கார்டின் வயதையும் ஜிபியையும் விட அதற்கு என்னென்ன செய்யத் தெரியும் என்பதைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் விடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

"ஏனுங்க, ரெண்டு ஜிபி கார்டுங்க, அப்புறம் ஏன் ஓடமாட்டீங்குது?" இது அடிக்கடி கேட்கும் கேள்வி. ஜிபி என்பது கார்டில் உள்ள நினைவகத்தின் அளவு, அவ்வளவுதான். அந்த நினைவகத்திலிருந்து எவ்வளவு வேகமாக எடுக்க முடியும், சிப் எந்தத் தலைமுறை, அதற்கு இன்னும் டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) வருகிறதா என்பதெல்லாம் வேறு கணக்கு. கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் அரை இஞ்சு குழாயில் இறைத்தால் வயலுக்கு எவ்வளவு போய்ச் சேரும்?

இதற்குச் சரியான உதாரணம் என்விடியாவின் ஜிடி 730. நம் ஊர்க் கடைகளில் ஏராளமாக விற்ற கார்டு இது. ஒரே பெயரில் வெவ்வேறு சிப்புகள் உள்ளே இருந்தன. ஒரு வகையில் ஃபெர்மி என்ற பழைய தலைமுறைச் சிப், 96 கோர்கள் (கணக்குப் போடும் சின்ன அலகுகள்). இன்னொரு வகையில் அதற்கு அடுத்த தலைமுறையான கெப்ளர் சிப், 384 கோர்கள். பெட்டியின் முகப்பில் இரண்டுக்கும் 'ஜிடி 730' என்றே இருக்கும். ஃபெர்மி கார்டுகளுக்குப் புது டிரைவர் வருவது 2018 ஏப்ரலோடு நின்றுவிட்டது, 391.35 என்ற பதிப்புக்கு அப்பால் எதையும் தேட வேண்டாம். மேசைக் கணினிக்கான கெப்ளர் கார்டுகளுக்குப் புது வசதிகள் 2021 அக்டோபர் வரையும், பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 செப்டம்பர் வரையும் வந்தன. ஆகவே பக்கத்துக் கடைக்காரரிடம் ஓடுகிற சாப்ட்வேர் அதே பெயருள்ள உங்கள் கார்டில் ஓடாமல் போகலாம். இதில் உங்கள் கணினியின் குற்றம் எதுவும் இல்லை. ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவியைத் திறந்தால் சிப்பின் பெயர் அதில் தெரியும். ஜிஎஃப் என்று தொடங்கினால் ஃபெர்மி, ஜிகே என்று தொடங்கினால் கெப்ளர். கார்டைப் பற்றி யாரிடம் யோசனை கேட்பதானாலும் முதலில் இந்த ஒரு விவரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு டைரக்ட்எக்ஸ் பற்றியது. சாப்ட்வேர் கார்டிடம் வேலை வாங்க விண்டோஸ் வைத்திருக்கும் வழிமுறை அது. விண்டோஸ் 10-ல் டிஎக்ஸ்டயாக் என்ற கருவியைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே 'டைரக்ட்எக்ஸ் 12' என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு, நம் கார்டு 12-ஐத் தாங்கும் என்று முடிவு செய்துவிடுகிறோம். அந்த எண் விண்டோஸுக்கு உரியது. கார்டின் நிலவரம் 'டிஸ்பிளே' என்ற அடுத்த பக்கத்தில், 'ஃபீச்சர் லெவல்ஸ்' என்ற வரியில் இருக்கிறது. அங்கே 10.1 வரைதான் என்றால், 11 கேட்கிற சாப்ட்வேர் திறக்காது. டைரக்ட்எக்ஸை மறுபடி மறுபடி இறக்கி ஏற்றினாலும் அந்த வரி மாறாது. சிப்புக்குள்ளேயே இல்லாத ஒன்றை மென்பொருளால் கொண்டுவந்து சேர்க்க முடியாது.

அதே மாதிரி இன்னொரு வழிமுறையான ஓபன்ஜிஎல் விஷயமும் இப்படித்தான். 2011-ல் வந்த இன்டெல் இரண்டாம் தலைமுறை பிராசஸர்களில் உள்ள எச்டி 3000 கிராபிக்ஸ், விண்டோஸில் ஓபன்ஜிஎல் 3.1 வரை போகும். மூன்றாம் தலைமுறையின் எச்டி 4000, 4.0 வரை. இப்போது பிளெண்டர் என்ற முப்பரிமாண வடிவமைப்பு சாப்ட்வேரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் வந்த பிளெண்டர் 4.0 ஓபன்ஜிஎல் 4.3 கேட்கிறது. அதற்கு முந்தைய 3.6-க்கு 3.3 போதும். ஆக, எச்டி 4000 வைத்திருப்பவர் 3.6-ல் நின்றுகொள்ளலாம். எச்டி 3000 என்றால் 2.79 வரைதான். பிளெண்டரின் பழைய பதிப்புகள் எல்லாம் அதன் சொந்தத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. புதுசுதான் வேண்டும் என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் வேலை நடக்கும். ஒன்று மட்டும் முக்கியம். பதிப்பை உயர்த்தும் முன் பழைய பதிப்பின் நிறுவல் கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். வாடிக்கையாளரின் கோப்புகளைப் புதுப் பதிப்பில் திறந்து சேமித்துவிட்டால், அவை பழையதில் திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

டிரைவர் விஷயத்தில் நடக்கிற தவறு இரண்டு விதம். சிலர் கணினி வாங்கிய நாளிலிருந்து டிரைவரையே தொட்டிருக்க மாட்டார்கள். விண்டோஸ் மறுபடி போட்ட பிறகு 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்ற பொது டிரைவரிலேயே மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். அந்த நிலையில் கார்டு இருந்தும் இல்லாதது மாதிரிதான். வேறு சிலர் எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் ஏதோ ஒரு கருவியை ஏற்றிவிடுவார்கள். பொருந்தாத டிரைவரும் தேவையில்லாத விளம்பரமும்தான் மிச்சம். டிரைவரை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் தளங்களிலிருந்தோ, மடிக்கணினி என்றால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். உங்கள் கார்டின் பெயரைக் கொடுத்தால் அதற்கான கடைசிப் பதிப்பு வரும். தளத்தின் முகப்பில் இருக்கும் ஆகப் புதிய டிரைவர் உங்களுக்கானது அல்ல. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஓர் அப்டேட்டுக்குப் பிறகு கெட்டுப்போனால் டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' என்ற வழி இருக்கிறது. கடைக்குத் தூக்கிப் போகும் முன் அதைச் செய்து பாருங்கள்.

சரி, கார்டுக்குச் சில வேலைகள் தெரியாது என்று தெரிந்துவிட்டது. அப்போது அந்த வேலையை அதன் தலையில் கட்டாமல் பிராசஸரிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம். போட்டோஷாப்பில் பிரிஃபரன்சஸ், பெர்ஃபாமன்ஸ் பகுதியில் 'யூஸ் கிராபிக்ஸ் பிராசஸர்' என்ற டிக்கை எடுத்துவிட்டால் திரை மினுக்கலும் கறுப்புக் கட்டங்களும் பெரும்பாலும் நின்றுவிடும். சில ஃபில்டர்கள் கிடைக்காமல் போகும், ஆனால் ஆல்பம் பக்கம் அடுக்குவதற்கு அவை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை நிறுத்தலாம். லிப்ரே ஆஃபிஸில் திரையில் வரையும் 'ஸ்கியா' ரெண்டரிங்கை மென்பொருள் முறைக்கு மாற்றலாம். பழைய கார்டு என்றால் இதையெல்லாம் எப்போதும் நிறுத்தியே வைக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கோளாறு எந்த சாப்ட்வேரில் தெரிகிறதோ அதில் மட்டும் நிறுத்துங்கள். எல்லா இடத்திலும் நிறுத்திவிட்டு, பிராசஸர் திணறுகிறது என்று வருந்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்குச் சிக்கல் வேறு. இப்போதைய போன்களும் கேமராக்களும் பல எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் பதிவு செய்கின்றன. ஐபோன் 2017-லிருந்தே அப்படித்தான். ஜிடி 710, 730 போன்ற கார்டுகளில் இதைப் பிரித்துக் காட்டும் வன்பொருள் கிடையாது. மண்டபத்தில் எடுத்த காதுகுத்து வீடியோ டைம்லைனில் தட்டுத் தடுமாறி ஓடுவதற்கு இதுவே காரணம். ராமைக் கூட்டினாலும் தீராது. பிராக்ஸி என்று சொல்லும் சின்ன அளவுப் பிரதிகளை எச்.264-லோ புரோரெஸ்ஸிலோ உருவாக்கி, அதை வைத்து வெட்டி ஒட்டுங்கள். கடைசியில் ஏற்றுமதி செய்யும்போது அசல் கோப்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரீமியர், ஷாட்கட், கேடென்லைவ் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. ராத்திரி பிராக்ஸியைப் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் நிம்மதியாக எடிட் செய்யலாம். டாவின்சி ரிசால்வ் மட்டும் ஏறக்குறைய முழுக்க கிராபிக்ஸ் கார்டையே நம்பியது என்பதால், இந்த மாதிரிக் கணினியில் அதை முயற்சிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நம் பகுதிக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது: பஞ்சு. திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் தறியோ தையலோ ஓடுகிற கட்டடத்தில் கணினி இருந்தால், கார்டின் ஹீட் சிங்க்கில் நூல் தூசி கம்பளம் போலப் படிந்துவிடும். சிப் சூடானதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடி மத்தியானம் இழுக்கிற கணினிக்கு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மின்சாரத்தை நிறுத்தி, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷாலோ ஊதுகுழலாலோ சுத்தம் செய்யுங்கள். வருஷக்கணக்கில் மாற்றாத தெர்மல் பேஸ்டையும் அப்படியே புதுப்பித்துவிடலாம்.

கார்டு இருந்தும் மானிட்டர் ஒயரை மதர்போர்டில் செருகியிருப்பதும் சர்வசாதாரணம். பின்பக்கம் ஒருமுறை பாருங்கள். தனி கார்டே இல்லாமல் இன்டெல் கிராபிக்ஸில் ஓட்டுகிறவர்கள் ஒற்றை ராமுக்குப் பதிலாக ஒரே மாதிரியான இரண்டைப் போடுங்கள். அந்த கிராபிக்ஸ் கணினியின் ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது என்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய கணினியில் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றிக்கொடுக்கிறார்கள். பழைய இன்டெல் கிராபிக்ஸுக்கு 11-க்கென்று டிரைவர் இல்லை என்பதை யாரும் சொல்வதில்லை. பில் போடுவதும் இணையமும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் நல்ல வழி. மேலே சொன்ன எச்டி 3000 கூட அங்கே ஓபன்ஜிஎல் 3.3 வரை போகும். கோரல்டிராவும் போட்டோஷாப்பும் இல்லாமல் பிழைப்பு நடக்காது என்பவர்களுக்கு அது சரிவராது.

கடைசியில் கார்டு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், புதுப் பெட்டியில் இருப்பதால் அது புதுத் தலைமுறை என்று நம்பிவிடாதீர்கள். ஜிடி 710 இன்றும் புதுசாக விற்கிறது, உள்ளே இருப்பது ஆதரவு நின்றுபோன கெப்ளர். ஜிடி 1030-ல் ஜிடிடிஆர்5 நினைவக வகைக்கு நொடிக்கு 48 ஜிபி வேகம், டிடிஆர்4 வகைக்கு 16.8 தான், பெயர் ஒன்றே. இரண்டாம் கையில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று சொல்லிப் பழைய ஃபெர்மி கார்டின் பயாஸை (கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி விற்பதும் நடக்கிறது. ஜிபியு-இசட் அப்படிப்பட்ட கார்டின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று காட்டிக்கொடுக்கும். பழைய பவர் சப்ளை என்றால், தனி மின் ஒயர் கேட்காமல் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து வரும் 75 வாட்டுக்குள் ஓடுகிற கார்டையே கேளுங்கள். கடையிலேயே ஒரு கணினியில் போட்டு, ஜிபியு-இசட்டைத் திறந்து, அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.