சபையாரையும் நம் பிள்ளைகளையும் ஒரே திண்ணையில் உட்கார வைப்பது எப்படி

முதல் தடவை நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2022-இல், எங்கள் கிறிஸ்தவ சபையிலிருந்து எட்டுப் பேரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். எதிரே ஒரே ஒரு பையன், என் மகனுடைய சிநேகிதன், தன்பாலீர்ப்பாளன், அதாவது ஆண்களை விரும்புகிறவன். காப்பியும் முந்திரிக்கொத்தும் வைத்தேன். ஒரு மணி நேரம் எட்டுப் பேரும் மாறி மாறிக் கேட்டார்கள், அவன் பதில் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருத்தர் எழுந்து, "தம்பிக்காக ஒரு வார்த்தை ஜெபிப்போமா?" என்றார். யாரும் அவனைக் கேட்கவில்லை. எட்டுப் பேர் கையும் அவன் தலையிலும் தோளிலும் விழுந்தது. அவன் கண்ணை மூடவில்லை. எதிர்ச்சுவரில் தொங்கிய வாக்குத்தத்தக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் செருப்பு மாட்டும்போது, "வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல ஆன்ட்டி" என்றான். அதன் பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

நான் பாளையங்கோட்டைக்காரி. 31 வருஷம் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பரம்பரை சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். என் இளையவன் 2017-இல் தன் விஷயத்தைச் சொன்னபோது, அவனை ஒரு ஜெபவீட்டுக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் உபவாசம் இருக்க வைத்தவள். எண்ணெய் பூசினார்கள், பிசாசை அதட்டினார்கள். அவன் எனக்காகப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. ஆகவே கீழே எழுதியிருப்பதில் பாதி, நான் செய்ததைத் திருப்பிப் போட்டது.

இடம் முதலில். ஆலயத்திலோ சபை மண்டபத்திலோ வேண்டாம். அங்கே போனாலே நம் பிள்ளைகளுக்குத் தோள் குறுகிவிடும், சபையாருக்குக் குரல் ஏறிவிடும். வீட்டுத் திண்ணை, மொட்டை மாடி, யாராவது ஒருத்தருடைய தோட்டம், இதில் ஒன்று போதும். ஆறு அல்லது எட்டுப் பேர். அதில் பாதிப்பேர் பால்புதுமையராக, அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி போன்றவர்களாக இருக்க வேண்டும், ரொம்பக் குறைந்தது இரண்டு பேர். ஒருத்தரை மட்டும் வைத்து நடத்தாதீர்கள். தனியாக இருக்கிறவர் எத்தனை தைரியசாலியானாலும் கூண்டில் நிற்கிற ஆளாகிவிடுவார், மற்றவர்கள் அவர்களை அறியாமலே வக்கீலாகிவிடுவார்கள். போதகரை முதல் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டாம். அய்யர் (போதகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) உட்கார்ந்திருந்தால் சபையார் அவருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்கள்.

வாட்ஸாப் குழு ஆரம்பிக்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். நம் ஊரில் ஒரு போட்டோ கிறிஸ்துமஸ் கேக்கைவிட வேகமாக வீடு வீடாகப் போகும். வருகிறவர்களில் வீட்டில் சொல்லாத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுடைய பெயரையோ தெருவையோ வேலையையோ யாரும் கேட்கக்கூடாது என்று கூப்பிடும்போதே சொல்லிவிடுங்கள். "நீ யார் மகன்?" என்பது நம் சபையாருக்கு வாய்ப்பழக்கம், கெட்ட எண்ணமில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியிலேயே ஒரு பிள்ளையின் குடும்பம் முழுக்க வெளியே வந்துவிடும். அக்கம்பக்கத்தில் கேட்டால் ஜெபக்கூட்டம் என்று பொய் சொல்ல வேண்டாம், "சிநேகிதர்கள் வந்திருக்காங்க" என்றால் போதும்.

இனி, யார் முதலில் பேசுவது? எனக்குத் தெரிந்து எல்லாமே இதில்தான் இருக்கிறது. வழக்கம் என்னவென்றால், "நீங்க உங்க கதையைச் சொல்லுங்க" என்று பிள்ளைகளைத்தான் முதலில் கேட்போம். அதை மாற்றுங்கள். சபையார்தான் முதலில் பேச வேண்டும். கருத்தைச் சொல்ல வேண்டாம், வசனமும் வேண்டாம். தனக்கு இதில் என்ன பயம் என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

எங்கள் மூன்றாவது கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். போதகருக்குத் துணையாகச் சபை ஊழியம் பார்த்து ஓய்வு பெற்ற உபதேசியார் ஒருவர் வந்திருந்தார், எழுபத்தெட்டு வயது. வெள்ளைச் சட்டை, பையில் கண்ணாடிக்கூடு, மடியில் கறுப்புத் தோல் வேதப்புத்தகம். "பயம்னா, எனக்கு என்ன பயம்?" என்று ஆரம்பித்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எசேக்கியேல் 3-ஆம் அதிகாரத்தைச் சொன்னார். துன்மார்க்கனை எச்சரிக்காமல் விட்டால் அவன் இரத்தப்பழியை உன் கையிலே கேட்பேன் என்று தேவன் காவற்காரனுக்குச் சொல்லுகிற இடம். "நாப்பது வருசம் ஊழியம் பாத்திருக்கேன். நியாயத்தீர்ப்பு நாள்ல, ஏன்டா அந்தப் பிள்ளைட்ட நீ சொல்லலைன்னு ஆண்டவர் கேட்டா, நான் என்ன பதில் சொல்ல?" கை நடுங்கியது. அதுவரை அவரை வெறுப்புப் பிடித்த மனுஷன் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

தூத்துக்குடியில் நர்ஸாக இருக்கிற பிள்ளை ஒன்று எதிரே உட்கார்ந்திருந்தது. அவளும் ஒரு பெண்ணும் நாலு வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். அவள் சொன்னாள்: "ஐயா, நீங்க எச்சரிச்சிட்டிய. நான் கேட்டுட்டேன். உங்க கணக்கு தீந்துது. இனி சும்மா எங்கூட பேசுங்க." உபதேசியார் சிரித்துவிட்டார். பல்செட் கழன்றுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதன் பிறகுதான் அவள் தன் ஊர் சபையைப் பற்றிச் சொன்னாள். பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடிக்கொண்டிருந்தவளை ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நிறுத்திவிட்டார்களாம். பயத்தைக் கேட்ட பிறகு வந்த பேச்சு அது. கேள்விக்குப் பதிலாக அது வந்திருக்காது.

சொற்களைப் பற்றி ஒரு டீச்சராகச் சொல்கிறேன். 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து அடைக்கலம் தேடிப் போன இரண்டு பெண்களின் வழக்கில் ஓர் ஆணை போட்டார். அதற்கு முன்னால், தனக்கே இது பழக்கமில்லை என்று ஒப்புக்கொண்டு ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்கு அந்த ஆணையில் தடை இருக்கிறது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022-இல் தமிழ்நாடு அரசிதழில் மரியாதையான சொற்களின் பட்டியல் வந்தது. தன்பாலீர்ப்பு, திருநங்கை, திருநம்பி, இந்த மூன்றையும் முதலில் பழக்குங்கள். பெரியவர்கள் வாயில் பழைய சொல் வந்தால் சிரித்துக்கொண்டே திருத்துங்கள். இரண்டாவது தடவையும் வந்தால் சிரிக்காமல் திருத்துங்கள். "மாத்திரலாம், எனக்குத் தெரிஞ்ச ஒரு ஊழியக்காரர் இருக்காரு" என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் பொறுக்க வேண்டாம். அந்தப் பேச்சு இந்தத் திண்ணையில் கிடையாது என்று சொல்லி அங்கேயே நிறுத்துங்கள். நான் என் கதையைச் சொல்லித்தான் நிறுத்துகிறேன்.

வேதப்புத்தகத்தை எப்போது திறப்பது? முதல் இரண்டு கூட்டத்தில் திறக்காதீர்கள். ஆனால் திறக்காமலே விட்டுவிடவும் முடியாது. சபையார் நம்ப மாட்டார்கள், வந்திருக்கிற பிள்ளைகளில் பாதிப்பேரும் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனப் பரிசு வாங்கியவர்கள்தான். திறக்கும்போது மெதுவாக, சொல் சொல்லாக வாசியுங்கள். 1 கொரிந்தியர் 6:9-ஐ எடுங்கள், தேவனுடைய ராஜ்யத்துக்குள் போகாதவர்களைப் பவுல் பட்டியல் போடுகிற இடம். நம் பழைய மொழிபெயர்ப்பில் "சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்" என்று இருக்கிறது. முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் மலாக்கோய். மென்மையானவர்கள் என்று பொருள். இதே சொல் மத்தேயு 11:8-இல் "மெல்லிய வஸ்திரம்" என்று வருகிறது. அங்கே மெல்லிய, இங்கே சுயபுணர்ச்சி! இதை வாசித்த அன்று எங்கள் திண்ணையில் வாலிபப் பையன்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இந்த வசனத்தை அடுத்தவன்மேல் எறிந்தவர்களில் எத்தனை பேர் தங்கள்மேல் எறிந்துகொண்டார்கள் என்று நர்ஸ் பிள்ளை கேட்டாள்.

நேர்மையாகவும் இருங்கள். இரண்டாவது சொல்லான அர்செனோகொய்த்தாய், ஆண், படுக்கை என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தது. பவுல் அதை லேவியராகமத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தார் என்று சொல்கிறவர்களின் வாதம் லேசானதல்ல. ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் சேருவதைக் கண்டிக்கிற ரோமர் 1-உம் கடினம்தான். அதை மழுப்பி வாசித்தால் உபதேசியார் மாதிரி ஆட்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். 27-ஆம் வசனத்தில் நிறுத்தாமல் அடுத்த அதிகாரத்தின் முதல் வசனம் வரை வாசிக்க மட்டும் சொல்லுங்கள்: "மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை."

திருநங்கையர் வந்திருந்தால் அப்போஸ்தலர் 8-ஐ எடுங்கள். ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு போன எத்தியோப்பியனை நம் தமிழ் வேதம் "மந்திரி" என்று சொல்லி முடித்துவிடுகிறது. மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது அண்ணகன், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவன் என்கிற சொல். எனக்கு ஐம்பத்தெட்டு வயதுவரை இது தெரியாது. அதே ஏசாயாவில் 56-ஆம் அதிகாரத்தில் அண்ணகன் தன்னைப் "பட்டமரம்" என்று சொல்ல வேண்டாம் என்று வருகிறது. அந்த இடத்தை ஒரு திருநங்கை உரக்க வாசித்தபோது யாரும் விளக்கம் சொல்லவில்லை, தேவையும் இருக்கவில்லை. கத்தோலிக்கர்கள் வந்தால் மறைக்கல்வி நூலின் 2357, 2358 இரண்டு எண்களையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். முந்தினது அந்த உறவை ஒழுங்கற்றது என்கிறது, பிந்தினது அவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும் என்கிறது. அவரவர் தனக்கு வேண்டிய எண்ணை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள்.

நாலைந்து கூட்டம் ஆன பிறகு போதகரைக் கூப்பிடலாம். அவரிடம் பெரிய கேள்வி கேட்காதீர்கள். "திருச்சபை தன்பாலீர்ப்பை ஏற்கிறதா?" என்று கேட்டால் சுற்றறிக்கை வாசிக்கிற மாதிரி ஒரு பதில் வரும், பாவம், அவருக்கும் மாற்றல் பயம் உண்டு. திருமணத்தை எடுக்காதீர்கள். அது அவர் கையில் இல்லை, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அதை நாடாளுமன்றத்துக்கு விட்டுவிட்டது. கேள்வியைச் சின்னதாக்குங்கள். "இந்தப் பிள்ளை திருவிருந்துக்கு முன்னால் வந்து முழங்கால் போட்டால் அப்பம் கொடுப்பீங்களா?" "பாடகர் குழுவில் மறுபடி நிக்கலாமா?" "ஆலய அசன விருந்துக்குப் பந்தி பரிமாறலாமா?" "செத்தா நம்ம கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டா?" இதற்கெல்லாம் ஆம் அல்லது இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும். எங்கள் அய்யர் முதல் கேள்விக்கும் கடைசிக் கேள்விக்கும் உடனே ஆம் என்றார். பாடகர் குழுவுக்குக் கமிட்டியைக் கேட்க வேண்டும் என்றார். பந்தி பரிமாறுவதற்கு மட்டும் பத்து நிமிஷம் யோசித்தார். அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்கு நம் சபையைப் பற்றிப் பல விஷயம் புரிந்தது.

யாராவது கோபித்துக்கொண்டு எழுந்து போனால் பின்னாலேயே ஓடாதீர்கள். மறுநாள் போன் போட்டு, சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேளுங்கள். எழுந்து போனது பிள்ளைகளில் ஒருவர் என்றால் அன்றைக்கே கேளுங்கள், ராத்திரிக்கு முன்னால்.

முடிக்கும்போது ஜெபம் வேண்டுமா என்று எல்லாரையும் கேளுங்கள். ஒருத்தர் வேண்டாம் என்றாலும் வேண்டாம். வேண்டும் என்றால் யாரையும் சொந்தமாக ஜெபிக்க விடாதீர்கள். கண்ணை மூடினதும் நம் ஆட்களுக்குப் பிரசங்கம் வந்துவிடும், ஒரு மணி நேரம் அடக்கி வைத்ததெல்லாம் ஆண்டவரிடம் சொல்லுகிற சாக்கில் எதிரே இருக்கிறவர் தலையில் இறங்கும். கர்த்தருடைய ஜெபம் சொல்லுங்கள். அதில் யாரும் எதையும் நுழைக்க முடியாது. நாங்கள் "பரமண்டலங்களிலிருக்கிற" என்று ஆரம்பிக்க, கத்தோலிக்கப் பிள்ளைகள் "விண்ணுலகில் இருக்கிற" என்று ஆரம்பிக்க, நடுவில் ஒரே குழப்பமாகி, யாராவது ஒருத்தர் சிரித்து, எப்படியோ ஆமென் வரை வந்து சேருவோம். வெளியூர்ப் பிள்ளைகள் இருந்தால் ஆறு மணிக்கே முடித்துவிடுங்கள். புது பஸ் ஸ்டாண்டு வரை உபதேசியார்தான் ஆட்டோவில் கூடப் போவார். ஆட்டோக் கூலியை மட்டும் முதலிலேயே அவர் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள், அப்புறம் கொடுத்தால் வாங்க மாட்டார்.