ராக் பாடல்களின் பழைய டேக்குகளைக் கேட்டுப் பாட்டுக் கட்டப் பழகுவது எப்படி?

ஒரு பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது மனப்பாடமாகும். ஆனால் அது எப்படி உருவானது என்று தெரிய வேண்டுமானால், பாடல் முழுமையடைவதற்கு முன் எடுக்கப்பட்ட பதிவுகளை, அதாவது டேக்குகளை, தேடிக் கேட்க வேண்டும். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மொட்டை மாடியில் ஞாயிறு மாலைகளில் கித்தார் பழகும் நாங்கள் நால்வர், இரண்டு ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறோம். சொந்தமாகப் பாட்டுக் கட்ட விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

தொடங்குவதற்கு மிகவும் ஏற்றது அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’. 1965 ஜூன் 15, 16 ஆகிய இரண்டு நாட்களில் நியூயார்க்கில் அந்தப் பாடலுக்காக எடுக்கப்பட்ட டேக்குகள் 2015இல் ஒரு பெரிய தொகுப்பில் வெளிவந்துள்ளன. முதல் முறை கேட்கும்போது சொற்களை விட்டுவிடுங்கள். தொடையில் தட்டி எண்ணிக்கொண்டே தாளத்தை மட்டும் கவனியுங்கள். முதல் நாள் டேக்குகளில் கை மூன்று மூன்றாக விழும். நம் கணக்கில் அது திஸ்ரம். மறுநாள் அது நான்காகிவிடுகிறது. பாடலில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ‘எப்படி இருக்கிறது உனக்கு?’ என்பது. மூன்றில் ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டு ஏறக்குறைய ஆறுதலாக ஒலிக்கும் அந்தக் கேள்வி, நான்கில் வரும்போது எதிரே நின்று முகத்தைப் பார்த்துக் கேட்பதாக மாறிவிடுவதை, தட்டும் கையே முதலில் உணர்த்திவிடும். வெளியானது இரண்டாம் நாளின் நான்காவது டேக். அதன் பிறகும் அவர்கள் பலமுறை முயன்றிருக்கிறார்கள். அந்தப் பிந்தைய டேக்குகளையும் தவறாமல் கேளுங்கள். கையில் வந்த பாட்டு எப்படி நழுவுகிறது என்பதை அவைதான் காட்டுகின்றன.

அடுத்துச் சொற்களுக்கு வரலாம். மெட்டுக்கு முதலில் ‘தன்னானே’ போட்டோ, டம்மி வரிகளை வைத்தோ பாடிவிட்டுப் பிறகு பாடலாசிரியரிடம் கொடுப்பது நம் திரையிசையில் நெடுநாள் வழக்கம். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியும் அதையேதான் செய்தார்: ‘யெஸ்டர்டே’ பாடலின் மெட்டுக்கு அவர் முதலில் வைத்திருந்த சொல் ‘ஸ்கிராம்பிள்ட் எக்ஸ்’, அதாவது முட்டைப் பொரியல். இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஸ்கிராம்–பிள்ட்–எக்ஸ், யெஸ்–டர்–டே. பொருள் முழுவதும் மாறினாலும் மூன்று துண்டுகள் மூன்றாகவே நிற்கின்றன. ஆகவே டம்மி வரியைக் கேலியாக நினைக்காதீர்கள். எந்த இடத்தில் எத்தனை அசை வேண்டும் என்ற அளவை அதுதான் காப்பாற்றித் தருகிறது.

பீட்டில்ஸின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாடலை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1966இன் இறுதியில் பதிவான இந்தப் பாடலின் தொடக்க வடிவங்கள் 1996இல் வந்த ‘ஆந்தாலஜி 2’ தொகுப்பில் உள்ளன. மென்மையான ஏழாவது டேக்கின் தொடக்கமும், டிரம்பெட்டும் செல்லோவும் சேர்ந்த கனமான இன்னொரு வடிவத்தின் முடிவும் பாடலை எழுதிய ஜான் லென்னனுக்குப் பிடித்திருந்தன. இரண்டுக்கும் சுருதி வேறு, வேகம் வேறு. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் டேப்பின் வேகத்தை மாற்றி இரண்டையும் ஒட்டினார்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, வெளியான பாடலில் ஒரு நிமிடத்தை ஒட்டிய இடத்தைக் கேளுங்கள். பின்னணி சட்டென்று அடர்த்தியாவது தெரியும்.

இனி உங்கள் சொந்தப் பாட்டு. ஃபோனில் பதிவு செய்தாலே போதும், ஆனால் ஒவ்வொரு பதிவுக்கும் தேதியும் வரிசை எண்ணும் கொடுங்கள், எதையும் அழிக்காதீர்கள். கடற்கரைச் சாலையில் உட்கார்ந்து நான் முணுமுணுத்த ஒரு பல்லவியை, காற்றின் இரைச்சல் அதிகமாக இருக்கிறதென்று அன்றிரவே அழித்துவிட்டேன். பிறகு ஐந்து முறை பாடிப் பதிவு செய்தும், மூன்றாவது சொல்லில் குரல் இறங்கிய அந்த விதம் திரும்பக் கிடைக்கவில்லை. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: தாளத்தை மாற்றினால் சொற்களைத் தொடாதீர்கள், சொல்லை மாற்றினால் சுருதியைத் தொடாதீர்கள். ஒரு வாரம் கழித்து எல்லாவற்றையும் வரிசையாக, கித்தாரைக் கையில் எடுக்காமல், தொடையில் தாளம் தட்டிக்கொண்டு கேளுங்கள். கை தயங்கும் இடத்தின் நிமிடத்தையும் நொடியையும் குறித்துக்கொண்டு, அடுத்த பதிவை அங்கிருந்து தொடங்குங்கள்.